தீவுகள் காத்த ஊர்: முத்துக்குளித்துறையின் குடிபெயர்வுகள்

கொற்கை தூர்ந்ததும் காயல் எழுந்தது, காயல் தூர்ந்ததும் தூத்துக்குடி எழுந்தது என்று சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது, கடல் பின்வாங்கியது, ஊர் கடலைத் தேடி நகர்ந்தது என்பதே அக்கதை. ஊர்கள் தாமாக நகர்வதில்லை. சட்டி பானையையும் வலையையும் தோணியையும் குலதெய்வத்தையும் எடுத்துக்கொண்டு மனிதர்கள்தாம் நகர்கிறார்கள். அவர்கள் ஏன் நகர்ந்தார்கள், யார் சொல்லி நகர்ந்தார்கள், நகர்ந்த இடத்தில் எதைக் குடித்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால், வண்டல் கதை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கொற்கையிலிருந்து காயலுக்கு வரும் வரை அது பொருந்துகிறது. புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு வந்ததற்கு அது விடை சொல்லவில்லை.

16ஆம் நூற்றாண்டின் தூத்துக்குடியை எண்ணிப் பாருங்கள். ஆற்றுமுகம் இல்லை, தாமிரபரணி தெற்கே தள்ளிக் கடலில் கலக்கிறது. உள்நாட்டுப் பெருவழிகளின் முனையில் அமைந்த பெருநகரமும் அன்று. நிலம் உவர்நிலம். குடிநீர் அரிது. கால்டுவெல் இவ்வூர்ப் பெயருக்கு, கிணறுகள் தூர்ந்துபோகும் இடம் என்ற பொருளில், ‘தூர்த்து’ என்பதிலிருந்து விளக்கம் தருகிறார். அந்தச் சொற்பிறப்பை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். தண்ணீர் இல்லாத ஊர் என்ற நினைவு அதில் பதிந்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். இப்படிப்பட்ட ஓரிடம் முத்துக்குளித்துறையின் தலைநகராக ஆனது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் கொற்கை. சங்கப் பாடல்கள் கொற்கையின் முத்தைப் பாடிய அளவுக்கு வேறெந்தத் துறையின் முத்தையும் பாடவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்து அரசன் மாண்டபின் கொற்கையிலிருந்தே வெற்றிவேற்செழியன் வருகிறான். பாண்டிய இளவரசன் இருந்து ஆண்ட துறை என்பதால் அது வெறும் மீன்பிடி ஊராக இருந்திருக்க முடியாது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளூசு’ கொற்கையைக் ‘கொல்கி’ என்று குறித்து, அங்கே முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. தொல்லியல் துறை 1968-69இல் அங்கே நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை காலத்தைக் கொண்டுசெல்கிறது. இன்று அவ்வூரில் நிற்பவர்கள் கடலைக் காண முடியாது. ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். வயலும் வாழையும் குளமும் முதிய வன்னி மரம் ஒன்றும் அக்கசாலைப் பிள்ளையார் கோயிலும்தான் இருக்கின்றன. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். பெயர் மட்டும் பிழைத்திருக்கிறது.

கொற்கையை விட்டு மக்கள் ஒரே நாளில் கிளம்பியிருக்க மாட்டார்கள். ஆற்றின் வாய் அடைபட, அடைபட, தோணியைக் கரையேற்றும் இடம் தலைமுறைக்குத் தலைமுறை கிழக்கே தள்ளிப்போயிருக்கும். பாட்டன் குடிசை போட்ட இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பேரன் போட்டிருப்பான். இத்தகைய நகர்வை அதை வாழ்ந்தவர்களே குடிபெயர்வு என்று உணர்ந்திருக்கமாட்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

காயலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ‘காயில்’ என்று எழுதிய துறையில் ஓர்முசு, ஏடன் முதலான மேற்கத்தியத் துறைகளின் கப்பல்கள் வந்து நின்றன; பாண்டியருக்குக் குதிரைகள் இறங்கின. அந்தக் ‘காயில்’ இன்றைய பழையகாயல் என்பதை மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொன்னவர் கால்டுவெல். சீனப் பாண்டங்களின் உடைந்த சில்லுகளை அவர் அங்கே பொறுக்கியிருக்கிறார். 1881இல் வெளிவந்த அவரது திருநெல்வேலி வரலாற்று நூலில் இவ்விவரங்கள் உள்ளன. மொழியியலாளர் கால்டுவெல்லை அறிந்த தமிழுலகம், கையில் மண்வெட்டியோடு நின்ற கால்டுவெல்லைப் போதிய அளவு அறியவில்லை. பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல் என்று மூன்று காயல்கள் இருப்பதால் இன்றும் பலர் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுகிறார்கள். காயல்பட்டினம் முசுலிம்களின் தொன்மையான வணிக ஊர். புன்னைக்காயல் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள பரதவர் ஊர். நம் கதையின் அடுத்த கட்டம் புன்னைக்காயலில் தொடங்குகிறது.

இதுவரை ஆறு எழுதிய வரலாறு. இனி வருவதை மனிதர்கள் எழுதினார்கள்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கும், முத்து வணிகத்திலும் குத்தகையிலும் மேலோங்கியிருந்த முசுலிம் வணிகர்களுக்கும் இடையே பகை முற்றியது. ஒரு பரதவரின் காதணி பிய்த்தெறியப்பட்டதில் கலகம் மூண்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. காதோடு பிய்ந்த அந்தக் கடுக்கனை மட்டும் பார்த்தால் போதாது; முத்துச்சிப்பி கிடக்கும் ‘பார்’களை யார் ஆள்வது என்ற வழக்கு அதன் பின்னே இருக்கிறது. கோழிக்கோட்டிலிருந்து வந்த குதிரை வணிகர் ஒருவர், லிசுபனில் திருமுழுக்குப் பெற்று யோவான் த குரூசு ஆனவர், பரதவர் தலைவர்களுக்கு ஒரு வழியைக் காட்டினார். கொச்சிக்குத் தூது போயிற்று. 1536-37ஆம் ஆண்டுகளில் கரையோரம் முழுவதும் திருமுழுக்கு நடந்தது. ஏறத்தாழ 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. 1538இல் வேதாளையில் கோழிக்கோட்டுக் கடற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர்.

இந்த மதமாற்றத்தை அருளின் செயலாக எழுதுவோரும் உண்டு. ஏமாற்றாக எழுதுவோரும் உண்டு. இருவரும் பரதவர் தலைவர்களை, அதாவது பட்டங்கட்டிகளை, குழந்தைகளாக ஆக்கிவிடுகிறார்கள். கொச்சிக்குத் தூது சென்றவர்கள் கணக்கறிந்த மனிதர்கள். கடலில் காவல் வேண்டும், அதற்கு விலையாக என்ன கேட்டாலும் தரலாம் என்று முடிவுசெய்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் வராத ஒன்று இருந்தது. போர்த்துக்கீசியரின் கை கடலில் நீண்டிருந்ததே ஒழிய நிலத்தில் நீளவில்லை. நிலம் உள்நாட்டு அரசர்களுடையது. அவர்களுக்கும் வரி உண்டு. ஆக, ஒரே குடிக்கு இரண்டு அரசர்கள் ஆனார்கள். கடலரசன் கேட்பதைக் கொடுத்தால் நிலத்தரசன் சினப்பான். நிலத்தரசனுக்குப் பணிந்தால் கடலரசன் சினப்பான். அடுத்த நூறு ஆண்டுகளின் குடிபெயர்வுகள் எல்லாம் இந்த இடுக்கிலிருந்து பிறந்தவை.

கடலரசனுக்குப் போன பணத்தைப் பற்றி ஒரு செய்தி. முத்துக்குளித்துறை செலுத்திய திறையில் 4,000 பணம் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. மூச்சடக்கி ஆழத்தில் இறங்கியவனின் உழைப்பு எங்கோ ஓர் அரசியின் பாதத்துக்குப் போயிற்று. பிரான்சிசு சவேரியார் அதைக் கேட்டு வாங்கி, சிற்றூர்களில் செபம் சொல்லிக்கொடுப்போருக்கான கூலியாக மாற்றினார்.

சவேரியார் 1542இல் வந்தார். அவர் எழுதிய மடல்களைப் பக்தி நூலாக மட்டும் படிப்பது பெரும் இழப்பு. 1544ஆம் ஆண்டு மடல்கள், தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு அவசர அவசரமாக எழுதியவை, முத்துக்குளித்துறையின் அன்றாடத்தை நமக்குக் காட்டும் அரிய ஆவணங்கள். அவ்வாண்டில் வடுகர் படை தெற்கே இறங்கியது. படை வருகிறது என்றதும் கரையோர மக்கள் செய்த காரியம் ஒன்றுதான்: தோணியில் ஏறினார்கள். குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடலில் நீட்டிக்கொண்டிருந்த பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். குதிரைப் படை கடலுக்குள் வராது. ஆனால் பாறையில் தண்ணீர் கிடையாது, சோறு கிடையாது. பசியாலும் தாகத்தாலும் அவர்கள் மடிந்துகொண்டிருப்பதைக் கேள்விப்பட்டுச் சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு கிளம்புகிறார். எதிர்காற்று. எட்டு நாள் முயன்றும் தோணிகள் முனையை எட்டவில்லை; திரும்ப நேர்கிறது. பிறகு கரைவழியே நடந்துபோகிறார்.

அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடியின் முறை. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவனின் கப்பலும் வீடும் எரிக்கப்படுகின்றன. அவனும் ஊர் மக்களும் எதிரே இருந்த தீவுகளுக்கு ஓடுகிறார்கள். அந்தத் தலைவன்மீது சவேரியாருக்குக் கசப்பு உண்டு. மக்களை அவன் நடத்திய விதத்தை அவர் பலமுறை கண்டித்திருக்கிறார். எனினும் ஆலந்தலையிலிருந்து எழுதிய மடலில் அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தோணி தோணியாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறார். கொம்புத்துறை, புன்னைக்காயல் பட்டங்கட்டிகளுக்கும் தனியே எழுதுகிறார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தூத்துக்குடியின் தனித்தன்மை புலப்படுகிறது. குமரிமுனைக்காரர்களுக்குக் கிடைத்தது மொட்டைப் பாறை. தூத்துக்குடிக்காரர்களுக்குக் கிடைத்தது தீவு. வான் தீவு, காசுவாரித் தீவு, விலங்குச்சல்லி, கரியச்சல்லி என்று வடகிழக்கே ஒரு வரிசை. ஊருக்கு நேர் எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தொலைவு என்று சொல்லத்தக்க அண்மையில், முயல் தீவு. தண்ணீரை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கே சில நாள் தாக்குப்பிடிக்கலாம். சில மாதங்களும் தாக்குப்பிடிக்கலாம். இந்தப் பாடம் ஊருக்கு மறக்கவில்லை.

ஆனால் 1544க்குப் பிறகும் தலைமையிடமாக இருந்தது புன்னைக்காயல்தான். ஆற்றுநீர் அங்கே உண்டு. போர்த்துக்கீசியக் காவல்படையும் இயேசு சபையாரும் அங்கேதான் இருந்தார்கள். அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் தமிழ் கற்றது இந்தக் கரையில். பரதவரின் பொருளுதவியோடு 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ ஆகிய மூன்றும் இந்தக் குடியோடு பிணைந்தவை. கடைசி நூல் புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது என்பர். வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டிருந்த அதன் படியிலிருந்து ச. இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் பதிப்பித்தார். தமிழ் அச்சின் முதல் வாசகர்கள் மீன்வாடை மணக்கும் கைகளோடுதான் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருப்பார்கள் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் சற்று அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஓர் அடிக்குறிப்போடு கடந்துவிடுகிறார்கள்.

புன்னைக்காயலின் ஆறு அதற்கு வாழ்வும் தந்தது, ஆபத்தும் தந்தது. நிலத்திலிருந்து வருபவனுக்கும் அது எளிய இலக்கு. கடலிலிருந்து வருபவனுக்கும் எளிய இலக்கு. 1553இல் அவ்வூர் தாக்குண்டு, போர்த்துக்கீசியத் தலைவனும் அன்றீக்கசும் பிறரும் சிறைப்பட்டனர். கொச்சியிலிருந்து படை வந்து மீட்க வேண்டியிருந்தது. வடுகரின் நெருக்கடியும் தொடர்ந்தது. 1560இல் கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதி கான்சுதந்தீனு த பிரகன்சா ஒரு முடிவுக்கு வந்தார். முத்துக்குளித்துறை மக்களை நிலத்தரசரின் கைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அந்த இடம் மன்னார்த் தீவு. யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்துச் சென்றவர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினார். புன்னைக்காயலின் காவலும் தலைமையும் அங்கே மாற்றப்பட்டன. பரதவரில் ஒரு பகுதியினர் குடும்பத்தோடு கடல் கடந்தார்கள்.

ஏட்டில் இது மிக நேர்த்தியான திட்டம். மன்னாரிலும் முத்துப்பார் உண்டு, கோட்டை உண்டு, சுற்றிலும் கடல் உண்டு. ஆனால் அந்த மண்ணில் 16 ஆண்டுகளுக்கு முன்பு, 1544இல், புதிதாகக் கிறித்தவரான சுமார் 600 பேர் யாழ்ப்பாண அரசனின் ஆணையால் கொல்லப்பட்டிருந்தார்கள். போய்க் குடியேறியவர்கள் இதை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது. மேலும், மீனவனின் ஊர் என்பது வீடு மட்டுமன்று. எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்த நீரோட்டம், எந்தப் பாருக்கு எந்தக் கரைப்பனையை அடையாளம் வைத்துத் தோணியை நிறுத்துவது என்பதெல்லாம் அவனுடைய சொத்து. அந்தச் சொத்தைத் தோணியில் ஏற்ற முடியாது. மன்னாரில் தங்கியவர்கள் தங்கினார்கள். முத்துக்குளித்துறை என்னவோ இந்தியக் கரையிலேயே இருந்தது. ஆணையிட்டு ஒரு கடற்குடியை இடம்பெயர்க்கும் முயற்சி இந்தக் கரையில் முழுமையாக வென்றதில்லை என்பதற்கு இதுவே முதற்சான்று.

இதற்குப் பின்தான் மெல்ல மெல்லத் தூத்துக்குடி மேலெழுகிறது. இயேசு சபையின் தலைமையிடம் 1580ஐ ஒட்டிப் புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு மாறியது. 1582இல் மாதா கோயில் மந்திரிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1555இல், மணிலாவிலிருந்து கப்பலில் மாதா சுரூபம் வந்திறங்கியது என்பது ஊர் மரபு. பனிமய மாதா. பனியே விழாத ஊருக்குப் பனிமயமாக ஒரு தாய் வந்து அமர்ந்தாள். பரதவர் குலத்தலைவரான சாதித் தலைவரும் தூத்துக்குடியையே தம் இருப்பிடமாகக் கொண்டார். வேம்பாறு முதல் மணப்பாடு வரை விரிந்து கிடந்த ‘ஏழு கடற்றுறை’ மக்களும் வழக்குக்கும் வாழ்த்துக்கும் அங்கே வந்தார்கள்.

ஏன் தூத்துக்குடி என்ற கேள்விக்கு நம் விடை இதுதான். தீவுகள் கடலின் வேகத்தைத் தடுத்துக் கப்பல் நிற்க அமைதியான நீரைத் தந்தன. இதை எல்லோரும் சொல்கிறார்கள். தீவுகள் தப்பியோட ஓரிடத்தையும் தந்தன. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டு அரசர்களின் இடுக்கில் வாழும் ஒரு குடிக்கு ஊரின் முன்வாசலைவிடக் கொல்லைப்புறம் முக்கியம். தூத்துக்குடியின் கொல்லைப்புறம் கடலில் இருந்தது.

அந்தக் கொல்லைப்புறத்தை 1604 வாக்கில் அவர்கள் பயன்படுத்தினார்கள். மதுரை நாயக்கரின் ஆட்களோடு வரி பற்றிய பூசல் முற்றி, ஊரும் பாதிரிமாரின் இல்லமும் தாக்குண்டபோது, ஊரே கிளம்பி எதிரே இருந்த தீவுக்குப் போய்விட்டது. அரசர் தீவு என்று அப்போது வழங்கிய அது, இன்று முயல் தீவு, பாண்டியன் தீவு என்று வழங்கும் தீவுதான் என்பது ஊரார் மரபு. சுரூபத்தையும் உடன் எடுத்துச் சென்றார்கள். 1544இல் நடந்தது ஓட்டம், இது குடியேற்றம். ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். கோயில் எழுப்பி, வீடு கட்டி, கரையைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

கரையிலிருந்த அதிகாரிகளுக்கு இது எத்தகைய அடி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உழவன் ஓடிப்போனால் நிலம் இருக்கும். வேறொருவனைக் கொண்டு உழலாம். முத்துக்குளிப்பவன் ஓடிப்போனால் பார் வெறும் கடல். சிப்பி எங்கே முற்றியிருக்கிறது என்று பார்த்துச் சொல்பவனும், கல்லைக் காலில் கோத்து இறங்குபவனும், மேலிருந்து கயிறு பிடிப்பவனும், சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடற்கட்டியும் சேர்ந்தால்தான் முத்து. அந்தக் கூட்டம் முழுவதும் தீவில் உட்கார்ந்திருந்தது. எழுத்தும் படையும் இல்லாத ஒரு குடி தன்னிடமிருந்த ஒரே படைக்கலத்தை எடுத்தது என்றே நாம் இதைப் படிக்கிறோம். வேலைநிறுத்தம் என்ற சொல் வராத காலத்து வேலைநிறுத்தம் என்றால் மிகையாகாது.

தீவிலும் அமைதி இருந்ததாகச் சொல்ல முடியாது. முத்துக்குளித்துறை யாருடைய ஆன்ம அதிகாரத்தில் இருக்கிறது என்பதில் கொச்சி ஆயருக்கும் இயேசு சபையாருக்கும் கடும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. மக்களும் இரண்டு பட்டார்கள். தண்ணீர்ச் சிக்கலோ எப்போதும் இருந்தது. 1610ஐ ஒட்டி அவர்கள் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். தோற்றுத் திரும்பினார்கள் என்று எழுதுவோருடன் நாம் உடன்படவில்லை. திரும்பிய ஊர் அவர்களுடைய ஊராகவே, அவர்களுடைய தலைவரின் கீழ், அவர்களுடைய கோயிலோடு இருந்தது. பேரம் பேசுவதற்காகக் கிளம்பியவன் திரும்பிவருவது தோல்வியாகாது.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். புதிய எசமானர்களின் சமயம் வேறு. கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டனர். பால்தேயுசு என்ற ஒல்லாந்துப் போதகர் வந்து பரதவரைத் தம் நெறிக்கு அழைத்துப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. கோயில் கைவிட்டுப் போனபோது, ஒல்லாந்தரின் கை எட்டாத உள்ளூர்களுக்குச் சென்று பூசை கண்டார்கள். பிள்ளைகளுக்கு ஞானத்தீட்சை பெற்றார்கள். 120 ஆண்டுகளுக்கு முன் கணக்குப் பார்த்து ஏற்ற சமயத்தை இப்போது கணக்குப் பாராமல் காத்தார்கள். வரலாற்றில் நம்மை வியக்கவைக்கும் இடம் இது. இம்முறை யாரும் தீவுக்குப் போகவில்லை. ஒல்லாந்தர் கடலரசர்கள், தீவும் அவர்கள் கையில்தான் இருந்தது. நிலத்தரசனிடமிருந்து தப்பக் கடல் உதவியதுபோல, கடலரசனிடமிருந்து தப்ப நிலம் உதவியது. 1713இல் இன்றைய பனிமய மாதா கோயில் எழுந்தபோதும் ஊர் ஒல்லாந்தரிடமே இருந்தது. அவர்கள் தமக்கென 1750இல் கட்டிய தேவாலயமும் இன்றும் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான்.

தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். போனவன் வருவான் என்று கரையில் நின்று வருந்துவது. சங்க நெய்தலில் தேரில் வந்த தலைவன் போகிறான். பரதவர் மகள் நிற்கிறாள். ஊர் அசைவதில்லை. புன்னை அதே இடத்தில் பூக்கிறது. அந்த அசையாத நெய்தலைப் படித்துப் பழகிய கண்களுக்கு, ஊரே தோணியில் ஏறிப் போகும் நெய்தல் தெரியாமல் போயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இந்த அலைச்சலைப் பாடிய பெருங்காவியம் நமக்கு இல்லை. அதன் செய்திகள் போர்த்துக்கீசிய மொழியிலும் இலத்தீனிலும் கிடக்கின்றன. ஜோ டி குருஸ் 2009இல் தம் பெருநாவலுக்குக் ‘கொற்கை’ என்று பெயர் வைத்தார். கதை நடப்பது 20ஆம் நூற்றாண்டுத் தூத்துக்குடியில். ஊர் எங்கே நகர்ந்தாலும் பழைய பெயரைக் கையோடு எடுத்துவரும் கடற்குடியின் வழக்கத்தை அந்தத் தலைப்பில் காண்கிறோம். கோத்தா, மோத்தா, மச்சாது, ரோச் என்ற குடும்பப் பெயர்களும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவைதாம்; ஊர் பேக்கரிகளின் மக்ரூனும் அப்படியே.

19ஆம் நூற்றாண்டில் போக்கு மாறுகிறது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்தது. 1866இல் நகராட்சி, 1876இல் இருப்புப்பாதை, 1888இல் பஞ்சாலை. பருத்தி ஏற்றுமதிக்காக உள்நாட்டார் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். பரதவருக்கு மட்டுமே கொல்லைப்புறமாக இருந்த கடல், வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் 1906இல் கொழும்புக்குப் புறப்பட்டபோது மற்றவர்களுக்கும் முன்வாசலாயிற்று. பரதவரிலும் பலர் கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் போய்த் தொழில் நடத்தினர். அங்கே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் 2001ஆம் ஆண்டு இலங்கைக் குடிக்கணக்கில் ‘பரதர்’ என்று தனி இனமாகவே பதிவானார்கள். முத்துக்குளிப்போ தேய்ந்துகொண்டே வந்து 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

தண்ணீர் மட்டும் வராமலே இருந்தது. 1920களில் நகராட்சித் தலைவராக இருந்த குரூசு பர்னாந்து என்ற பரதவர், வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழியே ஊருக்குக் கொண்டுவந்தார். கொற்கையையும் காயலையும் வண்டலால் மூடிய அதே ஆறுதான். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

தீவுகளின் கதையைச் சொல்லி நிறுத்துகிறோம். 1974இல் பெருந்துறைமுகம் அமைந்தபோது முயல் தீவு கரையோடு இணைந்துவிட்டது. இன்று அங்கே போகத் தோணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வண்டியில் வந்து கட்டுச்சோறு அவிழ்க்கின்றன. மற்றத் தீவுகள் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அங்கே மீனவர் இறங்கத் தடை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் தீவுகளின் அரண் குலைந்தது. வான் தீவு கரைந்து சுருங்கியதைக் கண்டு, அதைச் சுற்றிக் கற்காரையால் செய்த செயற்கைப் பார்களை அண்மை ஆண்டுகளில் இறக்கியிருக்கிறார்கள். விலங்குச்சல்லி முழுவதும் நீருக்குள் போய்விட்டது. அதன்மேல் இப்போது தோணியை ஓட்டிச் செல்லலாம்.